பிடுங்கிய அதிகாரம் யார் கைக்குப் போகிறது?

சட்டம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி நீல் கோர்சச்சின் பெயர் இப்போது உங்கள் பேச்சில் நிறைய அடிபடுகிறது. மாதிரி நீதிமன்றப் போட்டிகளில் அவருடைய தீர்ப்புகளை எடுத்து வைக்கிறீர்கள். அரசாங்கம் போடும் விதிகளையும், சட்டத்துக்கு அதிகாரிகள் தங்கள் வசதிப்படி சொல்லும் பொருளையும் அவர் அப்படியே ஏற்க மறுப்பது உங்களுக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்கத்தான் செய்யும். ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்த குடும்பங்களிலிருந்துதான் நம்மில் பெரும்பாலோர் சட்டம் படிக்க வருகிறோம். அதிகாரி சொல்வதெல்லாம் சட்டமாகிவிடாது என்று ஒரு நீதிபதி எழுதினால் நமக்கு மனம் குளிர்கிறது. அவர் எழுத்தும் தெளிந்த எழுத்து. சட்டம் படிக்காதவருக்கும் புரியும்.

என் கவலை என்னவென்றால், நீங்கள் பாதி கோர்சச்சை மட்டும் படித்துவிட்டு முழு முடிவுக்கு வந்துவிடுகிறீர்கள். 2016 ஆகஸ்ட் மாதம் அவர் எழுதிய இரண்டு கருத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அப்போது அவர் உச்ச நீதிமன்றத்துக்கு வந்திருக்கவில்லை. டென்வர் நகரில், பத்தாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் இருந்தார்.

முதலாவது, குட்டியெரஸ்-பிரிசுவெலா எதிர் லின்ச். அனுமதியில்லாமல் அமெரிக்காவுக்குள் வந்த ஒருவர், சட்டப்படி அங்கேயே தங்க விண்ணப்பிக்கிறார். குடியேற்றச் சட்டத்தின் ஒரு பிரிவு அவருக்கு வழிவிடுகிறது. இன்னொரு பிரிவு, நாட்டை விட்டு வெளியேறிப் பத்தாண்டு காத்திருந்துவிட்டு வா என்கிறது. இரண்டும் முட்டிக்கொண்டபோது, விண்ணப்பதாரருக்குச் சாதகமான பிரிவே செல்லும் என்று அதே சர்க்யூட் நீதிமன்றம் 2005இல் சொல்லியிருந்தது. பிறகு குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் அதற்கு நேர்மாறான பொருளைச் சொன்னது. வாரியம் என்பது அரசு நிர்வாகத்தின் ஓர் உறுப்பு. ஆனாலும் நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பைக் கைவிட்டு வாரியத்துக்கு வழிவிட வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, பழைய தீர்ப்பு செல்லுபடியாக இருந்த நாளிலேயே விண்ணப்பித்தவர் மீதும் புதிய பொருளைச் சுமத்தப் பார்த்தார்கள்.

நீதிமன்றத்தையே வழிவிட வைத்தது ஷெவ்ரான் கோட்பாடு. 1984இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. சட்டத்தின் வாசகம் தெளிவில்லாமல் இருந்து, அதைச் செயல்படுத்தும் அரசு முகமை சொல்லும் பொருள் ஓரளவு நியாயமாகவும் இருந்தால், நீதிபதி தன் சொந்தக் கருத்தை ஒதுக்கிவிட்டு முகமையின் பொருளை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

கோர்சச் அந்த மனுதாரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதினார். அதோடு நிற்காமல் தனியாக இன்னொரு கருத்தும் எழுதி, இந்தக் கோட்பாட்டையே மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். சட்டத்தை இயற்றுவது, அமல்படுத்துவது, அதன் பொருளைச் சொல்வது என்ற மூன்று வேலையும் ஒரே அலுவலகத்தில் சேர்ந்தால் குடிமகன் எங்கே போவான் என்பது அவர் வாதம். அதிபர் மாறும்போதெல்லாம் சட்டத்தின் பொருளும் மாறினால், சாதாரண மனிதர் எதை நம்பித் தன் வாழ்க்கையைத் திட்டமிடுவார்? இந்தக் கேள்வியில் நான் முழுக்க அவர் பக்கம்.

நம்மவர்களுக்கு இது புதிய சிந்தனையும் அல்ல. சென்னை மாகாண அரசு 1950இல் மக்கள் கல்விச் சங்கத்தைச் சட்டவிரோத அமைப்பு என்று அறிவித்தது. சங்கத்தின் செயலாளர் வி.ஜி. ராவ் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ஒரு சங்கம் ஆபத்தானது என்று அரசு கருதினாலே போதும், அந்தக் கருத்து சரியா என்று எந்த நீதிமன்றமும் ஆராய முடியாது என்கிற நிலையில் சட்டம் இருந்தது. தலைமை நீதிபதி ராஜமன்னார் தலைமையிலான முழு அமர்வு அதை ரத்து செய்தது. 1952 மார்ச்சில் பதஞ்சலி சாஸ்திரியின் தலைமையில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசின் மனத்திருப்தி மட்டும் குடிமகனின் உரிமையைப் பறிக்கப் போதாது என்பதை நம் குடியரசு அதன் மூன்றாம் ஆண்டிலேயே பேசி முடித்துவிட்டது. கோர்சச்சைத் தேடிப் போகும் முன் இந்தத் தீர்ப்பை எடுத்துப் படித்துவிடுங்கள்.

இனி இரண்டாவது கருத்து. அதே மாதம், அதே நீதிமன்றம். டிரான்ஸ்ஆம் டிரக்கிங் என்ற லாரி நிறுவனத்தின் வழக்கு. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

2009 ஜனவரி. இல்லினாய் மாநிலத்து நெடுஞ்சாலையில் இரவு நேரம். சரக்கு லாரி ஓட்டி வந்தவர் ஓரம் கட்டி நிறுத்துகிறார். வெளியே பூஜ்யத்துக்குக் கீழான குளிர். பின்னால் இழுத்து வந்த டிரெய்லரின் பிரேக் உறைந்து இறுகிப்போய், வண்டி நகரவில்லை. ஓட்டுநர் அறையின் ஹீட்டரும் வேலை செய்யவில்லை. நிறுவனத்துக்குப் போன் செய்கிறார். பழுது பார்க்க ஆள் வரும், காத்திரு என்கிறார்கள். காத்திருக்கிறார். அப்படியே தூங்கிவிடுகிறார். உறவினர் ஒருவர் போனில் அழைத்தபோதுதான் விழிப்பு வருகிறது. உடம்பு மரத்திருக்கிறது. பாதம் இருப்பதே தெரியவில்லை. பேச்சு குழறுகிறது. மறுபடி நிறுவனத்துக்குப் பேசுகிறார். பொறுத்துக்கொள் என்ற பதில்தான் வருகிறது.

கடைசியில் டிரெய்லரைக் கழற்றிவிட்டு, வண்டியின் முன்பகுதியை மட்டும் ஓட்டிக்கொண்டு கிளம்ப முடிவு செய்கிறார். மேலாளர் இரண்டே வழிதான் கொடுக்கிறார்: பிரேக் இல்லாத டிரெய்லரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போ, அல்லது இருந்த இடத்திலேயே இரு. முதலாவது சாலையில் போகிறவர்களைக் கொல்லக்கூடும். இரண்டாவது அவரையே கொல்லக்கூடும். அவர் கழற்றிவிட்டுப் போய்விட்டார். சுமார் கால் மணி நேரத்தில் பழுது பார்ப்பவர் வந்தார், இவரும் திரும்பி வந்தார். சரக்குக்குப் பெரிய கேடு ஒன்றும் நேர்ந்துவிடவில்லை. ஒரு வாரத்துக்குள் அவரை வேலையை விட்டு நீக்கினார்கள்.

பாதுகாப்பு காரணமாக வண்டியை இயக்க மறுக்கும் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் உண்டு. முதலாளி சொன்ன விதத்தில் ஆபத்தாக இயக்க மறுத்ததும் அதில் அடங்கும் என்று தொழிலாளர் துறை பொருள் கொண்டது. மூன்று நீதிபதிகளில் இருவர், ஷெவ்ரான் கோட்பாட்டைச் சொல்லி அந்தப் பொருளை ஏற்று, ஓட்டுநருக்கு வேலையும் சம்பளப் பாக்கியும் கிடைக்கச் செய்தார்கள். மறுத்து எழுதிய மூன்றாமவர் கோர்சச். இந்த மனிதர் இயக்க மறுக்கவில்லை, இயக்கத்தானே செய்தார், அதுவும் நிறுவனம் வேண்டாம் என்று சொன்ன பிறகு. நிறுவனம் செய்தது இரக்கமற்றதாக இருக்கலாம், ஆனால் சட்டவிரோதம் அல்ல என்றார்.

இரண்டு கருத்துகளிலும் அவர் தன் கொள்கையிலிருந்து நழுவவில்லை என்று அவரை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். உண்மைதான். சட்டத்தின் எழுத்து, அரசு முகமையின் மீது சந்தேகம் என்ற இரண்டும் இரண்டிலும் இருக்கின்றன. ஆனால் முதல் வழக்கில் எளிய மனிதருக்கு எதிரே நின்றது அரசு. இரண்டாவதில் எதிரே நின்றது முதலாளி. அரசு முகமை அந்த எளியவரின் பக்கத்தில் நின்றது. கோர்சச்சின் சந்தேகம் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதே இல்லை. அரசின் கையில் இருக்கும் அதிகாரத்தை அவர் துல்லியமாக அடையாளம் காண்கிறார். நள்ளிரவுக் குளிரில் போனை எடுத்து அங்கேயே கிட என்று சொல்லக்கூடிய அதிகாரம் அவர் கணக்கில் வருவதில்லை. அதுவும் ஒரு மனிதனின் உயிர் மீதான அதிகாரம்தான். என்னைப் பொறுத்தவரை, பெரும்பான்மையினர் சொன்னதுதான் சட்டத்தின் நோக்கத்துக்கும் ஏற்றது, எழுத்துக்கும் ஒத்தது. ஆபத்தில்லாமல் இயக்குவதற்காக, சொன்னபடி இயக்க மறுத்தவரை அந்தச் சட்டம் காப்பாற்றாது என்றால் வேறு யாரைக் காப்பாற்றும்?

அவருக்கு நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உச்ச நீதிமன்றத்துக்கு வந்த பிறகும் தனி மனிதர் அரசின் முன் நிற்கும் வழக்குகளில் அவர் சளைக்கவில்லை. 2020இல் மெக்கர்ட் வழக்கில், கிழக்கு ஓக்லஹோமாவில் கிரீக் பழங்குடியினருக்கு அமெரிக்கா கொடுத்த வாக்குறுதி இன்றும் உயிரோடுதான் இருக்கிறது என்று எழுதினார். 2021இல், நாடு கடத்தும் விசாரணைக்கான அறிவிப்பை அரசு துண்டு துண்டாக அனுப்பக் கூடாது, சட்டம் கேட்கும் விவரம் எல்லாம் ஒரே தாளில் இருக்க வேண்டும் என்று எழுதினார். குடிமக்களிடம் இம்மி பிசகாத ஒழுங்கை எதிர்பார்க்கும் அரசு தானும் அப்படி நடக்க வேண்டும் என்ற அந்த உணர்வு உயர்ந்தது. 2024இல் ஜேனி நிட்ஸேயுடன் சேர்ந்து அவர் எழுதிய நூலும், கட்டுக்கடங்காமல் பெருகிவிட்ட சட்டங்களில் சிக்கித் தவித்த சாதாரண மனிதர்களைப் பற்றியதுதான்.

இனி ஷெவ்ரான் கோட்பாட்டின் பிறப்புக்கு வருகிறேன். பாடப்புத்தகத்தில் இது பெரும்பாலும் விட்டுப்போகிறது. 1981இல் அதிபர் ரீகன் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவராக ஆன் கோர்சச்சை நியமித்தார். நீதிபதியின் தாயார். முகமையின் பட்ஜெட்டையும் ஆட்களையும் குறைத்தவர், தொழில்துறை மீதான கெடுபிடிகளைத் தளர்த்த வேண்டும் என்று நினைத்தவர். ஆலையின் ஒவ்வொரு கருவியையும் தனித்தனி மாசு மூலமாகப் பார்க்காமல், ஆலை முழுவதையும் ஒரே மூலமாகக் கணக்கிடலாம் என்று அவர் காலத்தில் முகமை விதி செய்தது. மொத்தப் புகை கூடாதவரை, புதிய கருவி நிறுவக் கடுமையான அனுமதி வாங்கத் தேவையில்லை. சுற்றுச்சூழல் அமைப்பு ஒன்று வழக்குப் போட்டது. கீழே உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு அந்த விதியை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டு, முகமை சொன்ன பொருளே செல்லும் என்றது. முகமையின் பக்கம் நின்று வென்றது ஷெவ்ரான் எண்ணெய் நிறுவனம். அதற்குள் நாடாளுமன்றத்தோடு ஏற்பட்ட மோதலில் ஆன் கோர்சச் 1983 மார்ச்சில் பதவி விலகிவிட்டார்.

அம்மாவின் வரலாற்றைக் கொண்டு மகனின் சட்டக் கருத்தை அளப்பது நியாயமில்லை. அதற்காக இதைச் சொல்லவில்லை. முகமைக்குப் பணிந்துபோகும் கோட்பாடு ஏழைகளுக்காகவும் காற்றுக்காகவும் பிறந்தது அல்ல, ஆலைகளுக்கு வசதி செய்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான் பிறந்தது. ஆகவே ஷெவ்ரானை ஆதரிப்பவர் எல்லாம் மக்கள் பக்கம், எதிர்ப்பவர் எல்லாம் முதலாளி பக்கம் என்று பிரித்துக்கொள்ளாதீர்கள். முகமையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது இரண்டு பக்கமும் வெட்டியிருக்கிறது.

2024 ஜூன் 28ஆம் தேதி லோப்பர் பிரைட் வழக்கில் அந்தக் கோட்பாடு முடிவுக்கு வந்தது. தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ். கோர்சச் உடன்பட்டு நீண்ட தனிக் கருத்து எழுதினார். வழக்குப் போட்டவர்கள் நியூ ஜெர்சியின் கேப் மே துறைமுகத்தில் ஹெர்ரிங் மீன் பிடிக்கும் சிறு படகுக் குடும்பங்கள். மீன்வளத்தைக் கண்காணிக்க ஓர் ஆளைப் படகில் ஏற்றிக்கொள்ள வேண்டும், அவர் சம்பளத்தையும் நீங்களே கொடுக்க வேண்டும் என்று 2020இல் முகமை விதி போட்டது. ஒரு நாளைக்கு 710 டாலர் வரை ஆகும். சட்டத்தில் இப்படிப் பணம் வசூலிக்க வேறு சில இடங்களில் தெளிவாக அனுமதி உண்டு, இவர்களிடம் வசூலிக்கச் சொல்லி ஒரு வரியும் இல்லை. அந்த மீனவர்களின் கோபம் நியாயமானது. அவர்கள் ஜெயிக்க வேண்டியவர்கள்தான். ஆனால் சட்டம் அந்தப் பணத்தைக் கேட்கவில்லை என்று ஒரு வரி எழுதியே அவர்களை ஜெயிக்க வைத்திருக்கலாம். அதற்காக மருந்து, குடிநீர், காற்று, தொழிற்சாலைப் பாதுகாப்பு என எல்லாத் துறையிலும் நாற்பதாண்டு கால ஏற்பாட்டைக் கலைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மீனவர்களுக்காகக் கட்டணமில்லாமல் வழக்காடியவர்கள், பெட்ரோலியத் தொழிலில் பெரும்பணம் சேர்த்த கோக் குடும்பத்தின் ஆதரவில் இயங்கும் அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் என்பதையும் கூட வைத்துப் பாருங்கள்.

அந்தத் தீர்ப்புக்கு முந்தைய நாள் வந்த இன்னொரு தீர்ப்பை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ஓஹையோ எதிர் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. மின் நிலையங்களும் ஆலைகளும் வெளிவிடும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வெயிலில் வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோனாகி நுரையீரலைக் கெடுக்கின்றன. காற்று அதை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகிறது. பக்கத்து மாநிலத்தானின் மூச்சைக் கெடுக்காதே என்பதுதான் முகமையின் திட்டம். 5க்கு 4 என்ற கணக்கில் அதை நிறுத்தி வைத்த தீர்ப்பை எழுதியவர் கோர்சச். முதலில் வெளியான பிரதியில், நைட்ரஜன் ஆக்சைடு என்று வர வேண்டிய இடத்தில் ஐந்து முறை நைட்ரஸ் ஆக்சைடு என்று இருந்தது. அது பல் மருத்துவர்கள் மயக்கத்துக்குக் கொடுக்கும் சிரிப்பு வாயு. முற்றிலும் வேறு பொருள். பிறகு திருத்தி வெளியிட்டார்கள்.

பிழை யாருக்கும் நேரும், அதை வைத்து ஒருவரைச் சிறுமைப்படுத்துவது முறையல்ல. ஆனால் நடந்ததை யோசியுங்கள். நாட்டின் மிகச் சிறந்த சட்ட மாணவர்கள் உதவியாளர்களாக இருக்கும் அலுவலகம் அது. ஒன்பது நீதிபதிகள் கையில் சுற்றி வந்த வரைவு அது. வழக்கின் மையப் பொருளே அந்த வாயுதான். ஒருவர் கண்ணிலும் படவில்லை. முகமையில் வேலை செய்யும் ஒரு வேதியியல் பட்டதாரி முதல் பக்கத்திலேயே பிடித்திருப்பார். மறுநாள் அதே நீதிமன்றம், தெளிவில்லாத சட்டங்களுக்கு இனி நாங்களே பொருள் சொல்வோம் என்றது. நிபுணர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளலாம், கட்டுப்பட வேண்டியதில்லை. நீதிபதி கேகன் தன் மறுப்பில் கேட்டது இதைத்தான்: எந்த அமினோ அமிலச் சங்கிலியைப் புரதம் என்பது, ஓர் இடத்து அணில் கூட்டம் தனி இனக்குழுவா இல்லையா என்பதையெல்லாம் நீதிபதிகளா முடிவு செய்வது?

விதிமுறை மீது சந்தேகம் என்று சொல்லும்போது, அதிகாரம் அரசிடமிருந்து மக்களுக்குத் திரும்பி வருவதாக ஒரு தோற்றம் உண்டாகிறது. லோப்பர் பிரைடில் அப்படி நடக்கவில்லை. நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தலில் பதில் சொல்ல வேண்டிய நிர்வாகத்திடமிருந்து, ஆயுள் முழுக்கப் பதவியில் இருக்கும் நீதிபதிகளிடம் அது போனது. நல்ல வழக்கறிஞரை வைத்துக்கொள்ள வசதி உள்ளவர் அந்த மன்றத்தில் எப்போதும் ஒரு படி முன்னால்தான் இருப்பார்.

நம் நீதிமன்றம் இதே சிக்கலை எப்படி எதிர்கொண்டது என்று பாருங்கள். 1999இல் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எதிர் எம்.வி. நாயுடு வழக்கு. ஹைதராபாத்துக்குக் குடிநீர் தரும் இரண்டு ஏரிகளின் அருகே ஒரு ஆலை வரலாமா என்பது கேள்வி. நீதிபதி ஜகந்நாத ராவ் எழுதிய தீர்ப்பு, இத்தகைய அறிவியல் கேள்விகளை நீதிபதிகளால் தனியாகத் தீர்க்க முடியாது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது. அறிவியலாளர்களும் கூட உட்கார்ந்து விசாரிக்கும் மன்றங்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2010இல் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் வந்தது. சென்னையில் இருக்கும் தென்மண்டல அமர்வில் நீதித்துறை உறுப்பினருக்குப் பக்கத்தில் நிபுணர் உறுப்பினர் உட்காருகிறார். காலியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது போன்ற குறைகள் அங்கே நிறைய உண்டு. ஆனாலும் அந்த ஏற்பாட்டில் ஓர் அடக்கம் இருக்கிறது. சட்டத்தில் கடைசிச் சொல் நீதிபதியுடையது, வாயுவின் பெயரைச் சொல்ல வேதியியல் தெரிந்தவர் பக்கத்திலேயே இருக்கிறார். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது.

பாலாற்றையும் மறந்துவிடாதீர்கள். வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தோல் ஆலைகள் இருக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகியிருந்தது. அங்கே மக்களை நசுக்கியது அளவு மீறிய விதிமுறை அல்ல. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லிருந்தே இருந்தது. அதை அமல்படுத்த ஆள் இல்லாததுதான் அந்தப் பகுதியின் கிணறுகளைக் கெடுத்தது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. அடுத்த மாதிரி நீதிமன்றப் போட்டியில் கோர்சச்சை மேற்கோள் காட்டுங்கள், தடையில்லை. ஆனால் ஒரு விதியை அடித்து நொறுக்கும் முன், அந்த விதி யார் மேல் அழுத்துகிறது, யாருக்கு முன்னால் மறைப்பாக நிற்கிறது என்று வழக்கின் தரப்புகளைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விதி போனால் அந்த அதிகாரம் யார் கைக்குப் போகும் என்பதையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். 2016 ஆகஸ்டின் அந்த இரண்டு கருத்துகளும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. இரண்டையும் ஒரே மூச்சில் படியுங்கள். உங்கள் கல்லூரியில் டிரான்ஸ்ஆம் வழக்கை வைத்து ஒரு வாதம் நடத்துங்கள். நிறுவனத்தின் தரப்பை எடுத்து வாதாட ஆள் எளிதாகக் கிடைப்பார்கள். நீங்கள் ஓட்டுநர் தரப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இந்தப் படிப்பைப் படித்த ஒரு வழக்கறிஞர்